லாட் நாற்பத்தேழு

ஏப்ரல் 7, திங்கள்

இந்தப் பச்சை அட்டை நோட்டை இன்று கம்பெனியில் நாற்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். நெறிமுறைப் பயிற்சியாம், மூன்று வாரம். வேலையில் மனசை உறுத்திய விஷயம் ஏதாவது இருந்தால் தினமும் இதில் எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்களாம். யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். பயிற்சி கொடுக்க வந்திருக்கும் மேகலா, "உங்களுக்காக எழுதுங்க மேடம்" என்றது. சென்னைப் பெண், முப்பது வயதிருக்காது. மரியாதை தெரிந்த பெண்தான்.

எனக்காக எழுதுகிறேன். இன்றைய உறுத்தல்: டீயோடு கொடுத்த பிஸ்கட் நமுத்திருந்தது.

எங்கள் கூடத்தில் எனக்கு அடுத்தபடி இருக்கும் ஜெயக்கொடி, "ஏனுங்க்கா, உங்க வாயால நான் வாங்கற திட்டு எழுதறதுக்கே எனக்கு இன்னொரு நோட்டு வேணுமுங்க" என்றாள். கேட்டுப் பார், கொடுப்பார்கள் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முறையாக ஆரம்பிக்காதது தப்பு என்று தோன்றியது. பெயர் தமயந்தி. தாராபுரம் செந்தாழை விதை நிறுவனத்தில் முளைப்புப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். முப்பத்தைந்து வருடம். இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு. நெல் விதை மூட்டை வெளியே போவதற்கு முன்னால், அதில் நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று எண்ணிச் சொல்வது என் வேலை. எண்பதாவது முளைத்தால் விதை என்று பையில் போடலாம். அதற்குக் கீழே போனால் அரைக்கத்தான் அனுப்ப வேண்டும்.

ஓய்வுக்கு முன்னால் இரும்பு அலமாரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இன்று உட்கார்ந்தேன். என்னென்ன கிடைத்தது! பழைய கறுப்புப் போன் ஒயர். மகள் பிறந்தபோது கூடத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை. மின்சாரம் போகும் கோடையில் முளைப்புச் சுருள்களைச் சூடு தாக்காமல் கிணற்றுப் படியில் வைக்கக் கொண்டுபோன பனையோலைக் கூடை. அப்போது குளிர் அறை ஏது? பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் நானும் இன்னும் இரண்டு பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையோடு கிணற்றுக்கு ஓடுவோம். அப்போதைய பெரிய முதலாளி ஜன்னலில் நின்று, "விழுந்துராதீங்க, விதைக்கு ஒண்ணும் ஆகாது" என்று கத்துவார். அந்த நாட்களில் எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பதற்கு இவ்வளவு போதும்.

கூடைக்கு அடியில் பழைய மாதிரிப் பைகள். ஒன்றாக வரும் விதைத் தொகுதியை லாட் என்போம்; ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கைப்பிடி எடுத்து இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருப்பது எங்கள் வழக்கம். அப்புறம் கொட்டிவிடுவோம். ஒரு பையைக் கொட்டாமல் விட்டிருக்கிறேன். லாட் 47, அக்டோபர் 1999. உள்ளே விதையோடு ஒரு அட்டை தெரிந்தது. வெளியே எடுக்கவில்லை. தூசி அதிகம்.

ஏப்ரல் 9, புதன்

சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பையில் இருந்து நூறு நெல் எண்ணி, நனைத்த முளைப்புத் தாளில் வரிசையாக வைத்து, சுருட்டி, குளிர் அறையில் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினாலாம் நாள் கடைசி எண்ணிக்கை. ஜெயக்கொடி பார்த்துவிட்டு, "இருவத்தஞ்சு வருசத்து நெல்லு எங்கீங்க்கா மொளைக்கப் போவுது?" என்றாள். ஒரு பழக்கம்தான் என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று பயிற்சிப் புத்தகம் வந்தது. "விவசாய வணிக ஊழியர்களுக்கான நெறிமுறைகள்." நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். காலாவதியான மருந்தை லேபிள் மாற்றி விற்காதே, எடை போடும்போது கை வைக்காதே, விவசாயிக்குப் புரியாத காகிதத்தில் கைரேகை வாங்காதே. பின்னால் ஏழு உண்மைச் சம்பவங்கள். மேகலா எங்கள் பழைய கோப்புகளையெல்லாம் படித்துத் தேடி எடுத்ததாம். ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு மூத்த ஊழியர் மற்றவர்களுக்குப் பாடமாக நடத்த வேண்டும்.

நான்காவது சம்பவம் இது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"1999இல் கிடங்குப் பொறுப்பாளர் ந. என்பவர், பரிசோதனையில் 84 சதவீதம் முளைப்பு காட்டிய நல்ல விதை மூட்டைகளை, மழை ஒழுகும் ஈரத் தரையில் அடுக்கி வைத்தார். விதை செத்தது. முந்நூறு விவசாயிகளின் நாற்றங்கால் பொய்த்தது. ஒரு தனிமனிதரின் அலட்சியம் எத்தனை குடும்பங்களைப் பாதிக்கிறது? இதிலிருந்து நாம் கற்பது என்ன?"

இதை நடத்தப் போவது நான். "நீங்க அப்போ இங்க இருந்தீங்கல்ல மேடம், உங்க வாயால கேட்டா எல்லாருக்கும் மனசுல நிக்கும்" என்றது மேகலா. இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, கிடங்கு ஆட்கள் பதினோரு பேருக்கு.

ந. என்றால் நாச்சிமுத்து.

ஏப்ரல் 11, வெள்ளி

நாற்பத்தொன்பது மாதிரி வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

நாச்சிமுத்து அண்ணனைப் பற்றி எழுதலாம். அதில் என்ன தப்பு?

கிடங்கு எங்கள் கூடத்துக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு வேப்பமரம், அதற்குக் கீழே ஒரு கல். நாலு மணி டீக்கு எல்லாரும் அங்கேதான் கூடுவோம். அவர் மூட்டை அடுக்குவதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். பலகைக்கும் தரைக்கும் நடுவில் கை நுழைய வேண்டும், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நுழைய வேண்டும். ஒரு மூட்டை விரல்கடை வெளியே நின்றாலும் இறக்கி மறுபடி அடுக்கச் சொல்வார். ஆட்கள் முணுமுணுப்பார்கள். "நெல்லும் மூச்சு உடோணுமப்பா" என்பார்.

அவருக்கும் எனக்கும் ஒரு பந்தயம் உண்டு. புது லாட் வந்தால் நான் நானூறு நெல்லைத் தாளில் வைத்து நாள் கணக்காகக் காத்திருப்பேன். அவர் ஒரு பிடி நெல்லை ஈரச் சாக்கில் முடிந்து கிடங்கு மூலையில் போடுவார். நாலு நாள் கழித்துப் பிரித்து முகர்ந்துவிட்டு ஒரு எண் சொல்வார். என் எண்தான் சரி என்று நான், சாக்குதான் சரி என்று அவர். ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மறுபடி சோதிப்பேன். மறு சோதனையில் தோற்றவர் பேருந்து நிலையத்து பேக்கரியில் இருந்து ஒரு தேங்காய் பன் வாங்கித் தர வேண்டும். ஒன்பது வருடத்தில் நான் அவருக்கு இருபது பன்னாவது வாங்கித் தந்திருப்பேன். அவர் எனக்கு வாங்கித் தந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. பன்னைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசித் துண்டைத்தான் அவர் எடுப்பார். "அம்மிணி, உங்க பேப்பரு படிச்சது, என்ற சாக்கு படிக்காதது. ஆனா நெல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்பார்.

அந்த நாலு மணிகள் என் வாழ்க்கையின் நல்ல மணிகள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கல்யாணம், மகள், எல்லாம் நன்றாகத்தான் அமைந்தது. ஆனாலும் எங்கேயாவது தேங்காய் பன் வாசனை வந்தால் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது.

வேப்பமரத்தை வெட்டி லாரி நிறுத்துகிறார்கள் இப்போது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஊருக்கே லீவு, விதைக்கு லீவு இல்லை. வடை பாயசத்தை முடித்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். ஐந்தாம் நாள். சுருளைப் பிரித்தேன். ஒன்றும் இல்லை. தெரிந்ததுதான்.

ஒன்றை விளக்கி எழுத வேண்டும். அறுத்த புதிதில் சில நெல் ரகம் முளைக்காது. உயிர் இருக்கும், உள்ளே உறக்கத்தில் இருக்கும். சில வாரம் போனால், விதைக்கும் நேரத்துக்குள் தானே எழுந்து நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும். அந்த லாட்டைச் செத்தது என்று கழித்துவிட்டால் நஷ்டம். உறக்கமா, சாவா என்று கண்டுபிடிப்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. முளைக்காத நெல்லை எடுத்து நகத்தால் அழுத்த வேண்டும். கெட்டியாக இருந்தால் உறக்கம். நசுங்கினால் செத்தது. சந்தேகம் என்றால் ஐந்து நாள் சூட்டுப் பெட்டியில் வைத்து எழுப்பி, மறுபடி சோதிக்க வேண்டும்.

எனக்கு அதில் பெயர் உண்டு. "தமயந்தி தூங்குதுன்னு சொன்னா தூங்குது" என்று பெரிய முதலாளி வெளியூர் ஆட்களிடம் சொல்லிக் காட்டுவார். சூட்டுப் பெட்டி இல்லாமலே சொல்வேன். ஒரு லாட்டில்கூடத் தவறியதில்லை. தொண்ணூற்றொன்பது புரட்டாசியில் அறுப்பு நேரத்தில் விடாமல் மழை. லாட் 47 நனைந்த களத்தில் இருந்து வந்தது. அதையும் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. உறக்கம் என்று எழுதினேன். அப்படித்தான் நடந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். அழுத்திப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை. வாசலில் மூன்று லாரி நின்றது, தஞ்சாவூர்ப் பக்கம் சம்பாவுக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டது, பெரிய முதலாளி கதவருகே வந்து, "என்ன தமயந்தி, தூங்குதா?" என்றார். ஆமாங்க என்றேன். அவசரத்தில் நடந்தது.

ஏப்ரல் 16, புதன்

முதலாளி கூப்பிட்டார். இப்போதைய முதலாளி திருமூர்த்தி, பெரியவரின் மகன். கம்பெனியை வடக்கத்திக்காரர்கள் வாங்கினாலும் நடத்துவது இவர்தான். கால்சட்டை போட்ட வயதில் இருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, அடுத்த வாரம் வெள்ளிக்கிழம பயிற்சி முடியறப்ப உங்களுக்கு ஒரு கேடயம் குடுக்கறோமுங்க. நேர்மை விருது. மேலிடத்துல இருந்தும் வர்றாங்க. நீங்க பாடம் நடத்தி முடிச்சதும் மேடையிலயே வெச்சுக் குடுத்தர்றது."

மேசையில் கேடயம் இருந்தது. என் பெயரைப் பொன்னெழுத்தில் வெட்டியிருந்தார்கள். "முப்பத்தைந்து ஆண்டுகள், பிழையற்ற பணி." நன்றாக இருக்கிறதுங்க என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 17, வியாழன்

தொண்ணூற்றொன்பதில், விதை முளைக்கவில்லை என்று வந்த விவசாயிகளில் ஒருவர்; பெயர் எனக்குத் தெரியாது. மன்னார்குடிப் பக்கத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் விசாரித்துக்கொண்டு நேரே கூடத்துக்குள் வந்து, ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து என் மேசையில் வைத்தார். நாற்றங்கால் சேறு. அதில் எங்கள் நெல், கறுத்துப்போய்.

"தண்ணி வடிய வுட்டுப் பாத்தாச்சும்மா. திரும்பக் கட்டியும் பாத்தாச்சு. முறைத் தண்ணி போயிருச்சு. நீங்க படிச்சவங்க, இது எப்பம்மா முளைக்கும்?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பதினெட்டு நாள் ஆகியும் இன்னும் முளைக்கும் என்று நம்பி என்னைக் கேட்கிறார். டிபன் பாக்ஸைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் அவருக்கு நான் செய்தது.

ஏப்ரல் 19, சனி

திருமண மண்டபத்து வேலை. தங்கை மகளின் நிச்சயத்துக்கு மண்டபம் பார்க்கக் கூப்பிட்டார்கள். உடுமலை ரோட்டு மண்டபம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காற்றோட்டம் போதாது என்று காரணம் சொன்னேன்.

அங்கே வாட்ச்மேன் நாச்சிமுத்து அண்ணன். கம்பெனியை விட்டு அனுப்பியபிறகு இந்த ஊரில் எந்த விதைக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. விதையைக் கொன்ற ஆள் என்று பெயர் ஆகிவிட்டது. அந்த மண்டபத்தில் நான் இரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் சமையல்கட்டுக் கதவு வழியாகப் போனேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அழுத்திப் பார்த்தேன்.

அழுத்திப் பார்க்கவில்லை என்று எழுதியதும் பொய். பெரிய முதலாளி கதவருகே வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். முளைக்காத நெல்லை ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தினேன். நகத்துக்குக் கீழே பால் மாதிரி வெள்ளையாக வழிந்தது. ஒன்றிரண்டு இல்லை, எடுத்ததெல்லாம். முளைத்திருந்தவையும் நோஞ்சான், சேற்றில் எழாது.

பக்கத்தில் நாச்சிமுத்து அண்ணன் நின்றார். சாக்கைப் பிரித்து அப்படியே கையில் கொண்டுவந்திருந்தார். புளித்த வாடை அடித்தது. "அம்மிணி, இது தூங்கலீங்க, செத்துருச்சு. அறுவதுக்கு மேல வராதுங்க. இந்தத் தடவ நீங்கதான் பன்னு வாங்கித் தரோணும்" என்று சிரித்தார். பந்தயத்தில் ஜெயிக்கப்போகும் சிரிப்பு. அவ்வளவு வெகுளி.

அப்போதுதான் பெரிய முதலாளி வந்தார். பின்னால் வெளியூர் வியாபாரிகள் நாலைந்து பேர். "என்ன தமயந்தி, தூங்குதா? நீ சொன்னாப் போதும்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. தூங்குதுங்க என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இன்று பையில் இருந்து அட்டையை எடுத்தேன். கூடத்தில் எல்லாம் ஈரம், மை ஊறும் என்பதால் எண்ணியதை முதலில் அட்டையில் பென்சிலில்தான் குறிப்போம். பிறகு கை துடைத்து, உட்கார்ந்து, பதிவேட்டில் மையில் எழுதுவோம். அட்டையில் என் கையெழுத்தில் நாலு எண்: 60, 63, 59, 62. அடியில் கோடு போட்டு 61.

பதிவேட்டில் மையில் 84, முளைக்காததில் இருபத்துமூன்றை உறக்கம் என்று சேர்த்து.

இந்த அட்டையை ஏன் கிழிக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

பதினாலாம் நாள். பூஜ்யம். பென்சிலில் எழுதினேன், மையிலும் எழுதினேன்.

தொண்ணூற்றொன்பதில் விசாரணை நடந்த நாளையும் எழுதிவிடுகிறேன். பெரிய முதலாளி அறையில் ஐந்து பேர். பதிவேடு மேசையில் திறந்திருந்தது. கூடத்தில் 84, வயலில் ஒன்றும் இல்லை, நடுவில் இருந்தது கிடங்கு. அந்த வருடம் கிடங்கின் கிழக்கு மூலையில் கூரை ஒழுகியது வேறு. முதலாளி என்னைக் கேட்டார், "எம்பத்தி நாலுன்னு நீதான போட்ட?" ஆமாங்க என்றேன்.

நாச்சிமுத்து அண்ணன், "அது வாரப்பவே செத்துத்தானுங்க வந்துச்சு. நான் சாக்குல போட்டுப் பாத்தனுங்க" என்றார். மேனேஜர், "உன்ற சாக்கு பெருசா, அந்தம்மா படிச்ச படிப்பு பெருசா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 25, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

கிடங்கு ஆட்கள் பதினோரு பேர், முன்வரிசையில் முதலாளியும் மேலிடத்தில் இருந்து வந்த இரண்டு பேரும். மேகலா ஓரத்தில் நின்றது. நான் நான்காவது சம்பவத்தைச் சத்தமாக வாசித்தேன். "இதிலிருந்து நாம் கற்பது என்ன?" என்ற கேள்வியோடு நிறுத்தினேன்.

இப்போதைய கிடங்குப் பொறுப்பாளர் காளியப்பன் கை தூக்கினார். "அந்தாளு குடிப்பாருங்களா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் டீ தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. "இல்லீங்க" என்றேன். "அவரு அடுக்குன மூட்டை ஒண்ணுகூட நனையலீங்க. செத்த விதையை நல்ல விதைன்னு எழுதுனது நானு." அட்டையை முதல் ஆளிடம் கொடுத்து, பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றேன். பென்சிலில் இருப்பது நிஜம், பதிவேட்டில் இருப்பது பொய் என்று சொன்னேன். நகத்துக்குக் கீழே வழிந்ததையும் சொன்னேன். அட்டை பதினோரு கையையும் தாண்டி முதலாளியிடம் வந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

கேடயம் மேசையில் துணி மூடியபடியே இருந்தது. யாரும் துணியை எடுக்கவில்லை. டீ கொடுத்தார்கள். பிஸ்கட் இன்று மொறுமொறுப்பாக இருந்தது.

ஏப்ரல் 26, சனி

முதலாளி அறையில் அரை மணி நேரம்.

"இருக்கறது நாலு நாளுங்க்கா. இப்ப எதுக்குங்க்கா இது? அந்தப் பக்கத்தையே எடுத்தர்றோம். யாரு பேரும் வேண்டாம்."

"எடுத்தாப் பத்தாதுங்க. இருவத்தஞ்சு வருசமா ஒருத்தரு மேல அந்தப் பழி இருக்குது. என்ற பேரப் போடுங்க."

"அப்பா பேரு கெடுமுங்க்கா."

"உங்கப்பா என்னை நம்புனாருங்க. அது அவரு தப்பில்லீங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். பேசுகிற தைரியம் எனக்கு விசாரணை நடந்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும். எந்த மேடையும் இல்லாத ஒரு சின்ன அறையில், ஐந்து பேருக்கு முன்னால்.

மதியம் மேகலா புது நான்காவது சம்பவத்தை எழுதிக் காட்டியது. "உங்க பேரை முழுசாப் போடலாமா மேடம்?" போடு கண்ணு, இனிஷியலோடு என்றேன். "அவர் பேரு?" அது நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்றேன். ஜெயக்கொடி பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளாக என்னிடம் கிண்டல் பேசவில்லை. போகும்போது மட்டும், "நாளைக்கு நானும் வருட்டுங்களா, துணைக்கு?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேருந்து நிலையத்து பேக்கரி இன்னும் இருக்கிறது. இரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொண்டேன். பைபாஸுக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகளில் கடைசிதான் நாச்சிமுத்து அண்ணன் வீடு. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக் காக்கிச் சட்டை கொடியில் காய்ந்தது. முடி முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க அம்மிணி" என்றார், நேற்றுதான் டீ குடித்துவிட்டுப் பிரிந்த மாதிரி. எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார்.

பன்னைக் கொடுத்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது அவருக்கு. "பந்தயம் ஒரு பன்னுதானுங்களே. ரெண்டு எதுக்கு?"

சொன்னேன். அறுபத்தொன்று, எண்பத்து நான்கு, நகம், அட்டை, வெள்ளிக்கிழமை, எல்லாம். மன்னிச்சுக்கோங்கண்ணா என்றேன். முடிந்ததும் பன் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியுமுங்க. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ஒரு ஆறு மாசம் வாசலப் பாத்துட்டிருந்தனுங்க. அப்புறம் பாக்கறத உட்டுட்டேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்தா போனேன்? எதிர்பார்த்துத்தான் போனேன்.

புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். "போடச் சொல்லுங்க. முழுசா. ந.ன்னு போட்டா ஆருக்குத் தெரியும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அம்மிணி, எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? எனக்குத்தான் தெரியுமே. அவகிட்டச் சொல்லுங்க" என்று உள்ளே கை காட்டினார். "நான் சொன்னப்ப அவளே நம்பலீங்க. லேப்புல இருக்கற பொம்பள எதுக்குப் பொய்யெழுதுதுன்னு கேட்டா."

அவர் மனைவி பொன்னாத்தாள் வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது பாதி காதில் விழுந்திருக்கும். நான் உள்ளே போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப இவரு தண்ணியில அடுக்கலீங்களா?"

"இல்லீங்க. எல்லாம் பலகை மேலதான் இருந்துச்சு. ஒரு மூட்டை நனையலீங்க."

பொன்னாத்தாள் மடியில் இருந்த கீரையையே பார்த்தார். "மழ வந்தா நான் ஒரு வார்த்த கேப்பனுங்க இவர. 'மூட்டையெல்லாம் நனையுது, போயிப் பாருங்க'ன்னு. சும்மா சிரிப்புக்குத்தான் கேப்பேன். புள்ளைகளும் கேக்கும், மருமகனுங்க வந்தா அவியளும் கேப்பாங்க. இருவத்தஞ்சு வருசமா ஒரு மழைக்கு உட்டதில்லீங்க."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. எந்திரிச்சு வெளிய போயி நின்னுக்குவாரு."

அவர் வெளியே நாற்காலியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பன்னைப் பிட்டுத் தட்டில் வைத்திருந்தார், மூன்று துண்டு. இன்னும் எதையும் எடுக்கவில்லை.

நாலு மணி இருக்கும். காலையில் இருந்தே புழுக்கம். மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, ஓட்டின் மேல் முதல் துளிகள் படபடவென்று விழுந்தன. கோடை மழை. கொடியில் இருந்த காக்கிச் சட்டையில் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்தது. அவர் தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பொன்னாத்தாள் மழையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பழக்கத்தில் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கீரையைக் கீழே தள்ளிவிட்டு எழுந்து கதவருகே போனார்.

"உள்ள வாங்க. நீங்க நனையறீங்க."

அவர் தட்டோடு எழுந்து உள்ளே வந்தார்.